ஏழு குறியும் ஒரு பேணியும்

மச்சாள்,

உன் கணக்குக் கொப்பி இன்னும் புளிக்கிறது. இத்தனை வருடம் அலுமாரிக்குள் சீலைகளுக்கு அடியில் கிடந்தும், விரித்தவுடன் அந்தப் பழைய பால்புளிப்பு மூக்கில் ஏறுகிறது. உன் முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த மறுநாள் உன் மகள் அதை ஒரு சொப்பிங் பையில் போட்டுக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். வந்தாறுமூலைக் கம்பஸில் வணிகம் படித்துக் கணக்காளராக இருக்கிற பிள்ளை. அவளுக்கே அது தலையும் விளங்கவில்லை, காலும் விளங்கவில்லை. பேர் எழுதுகிற இடத்திலெல்லாம் அம்மா ஏன் படம் கீறி வைத்திருக்கிறா என்று கேட்டாள். சும்மா இரண்டு பக்கம் புரட்டிவிட்டு வைத்துவிடலாம் என்றுதான் வாங்கினேன். என் குணம்தான் உனக்குத் தெரியுமே, ஒரு முடிச்சைக் கண்டால் அவிழ்க்கும்வரை எனக்குச் சோறு இறங்காது. ஒன்பது நாளாக அந்தக் கொப்பியோடுதான் குடித்தனம். என் மனுசன், அதுதான் உன் அண்ணன், தேத்தண்ணியைத் தானே போட்டுக் குடிக்கப் பழகிவிட்டார்.

கணக்கு உன் கையில் வந்து விழுந்த கதையை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. செங்கலடிச் சந்தியில் மாமாவுக்கு, உன் அப்பாவுக்கு, தயிர்க்கடை. பதுளை வீதி நெடுகிலும் இருந்த மாட்டுப் பட்டிகளில் இருந்து ஏழு பட்டிக்காரர் காலையில் சைக்கிளில் பால் கொண்டுவருவார்கள். கணக்கு எழுதியவர் நாட்டுப் பிரச்சினை முற்றியதும் கொழும்புக்குப் போய்விட்டார். மாமாவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. உன் அண்ணன் சட்டி வாங்கவும் வைக்கோல் தேடவும் ஓடித்திரிந்தார். மிஞ்சியது நீ, ஓ.எல்.லில் கணக்கில் பெயில் விட்டவள். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று மாமா உன்னைப் பிடித்து மேசையில் இருத்தினார்.

அந்த ஏழு பேரில் மூன்று பேருக்கு ஒரே பெயர், கணபதிப்பிள்ளை. முதல் கிழமையிலேயே ஒரு கணபதிப்பிள்ளையின் பாலை இன்னொரு கணபதிப்பிள்ளைக்கு நீ எழுதியதில், இரண்டு பேரும் கடை வாசலில் மல்லுக்கு நின்றார்களாம். நீ பெயர்களை வெட்டிவிட்டுக் குறிகளைக் கீறினாய். எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு பட்டி மாட்டுக்கும் தொடையில் ஒரு குறி சுட்டிருக்கும். ஒருவனுக்கு ஏணி, ஒருவனுக்குச் சங்கு, இன்னொருவனுக்குச் சூலம், வில். எழுத்தறியாத மாமா அரைக்கட்டை, அரை மைல் தூரத்தில் நிற்கிற மாட்டின் குறியைப் பார்த்து இன்னாருடையது என்று சொல்லுவார். கொப்பியில் குறிகளைக் கண்டதும் அந்த மனுசனுக்கு வந்த சந்தோசம்! "இப்பதான்டி எனக்கு என்ட கணக்கு வாசிக்க ஏலும்" என்று பக்கம் பக்கமாக விரலால் தடவிப் பார்த்தாராம். படித்த கணக்கப்பிள்ளை ஒருவருக்கும் தோன்றாதது உனக்குத் தோன்றியது. அதைக்கூட நான் பிறகு கேள்விப்பட்டபோது கெட்டித்தனமாக எண்ணவில்லை, பெயிலான பிள்ளையின் விளையாட்டு என்றுதான் எண்ணினேன்.

அதற்குப் பிறகுதான் நான் வந்தேன். எங்கள் வழக்கத்தில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வரவேண்டும். என் சீதன வீடு வவுணதீவில், ஆற்றுக்கு அந்தப் பக்கம். அங்கே சண்டை. வீட்டைப் பூட்டிவிட்டுத் தோணியில் ஏறி, ஒரு சூட்கேசோடு நான்தான் உங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். மாமியார் வீட்டில் வந்து கிடக்கிறாள் என்று ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லவேண்டியதும் இல்லை, சாப்பிடும்போது எனக்கே தொண்டையில் நின்றது. நானும் உன்னைப்போலக் கணக்கில் பெயில் என்று தெரிந்ததும் நீ விழுந்து விழுந்து சிரித்தாய். அன்றைக்குத்தான் அந்த வீட்டில் நானும் முதல்முறை சிரித்தேன்.

மாமா எனக்குப் பால் அளக்கிற வேலையைத் தந்தார். கைப்பிடி வைத்து ஒட்டிய ஒரு பால்மாத் தகரப் பேணி, அது நிறைந்தால் சரியாக ஒரு போத்தல். பட்டிக்காரரின் கேனில் இருந்து அண்டாவுக்குள் ஒவ்வொரு பேணியாக ஊற்றி எண்ணவேண்டும், எண்ணி முடித்து உனக்குக் கூவவேண்டும். "ஏணிக்குப் பதினொண்டு! சங்குக்கு ஒன்பது!" என் குரல் சந்திவரைக்கும் கேட்கும் என்பாய். நான் முதல் பேணியை ஊற்றும்போது "லாபம்" என்றுதான் தொடங்குவேன். எங்கள் வயல் வட்டையில், களத்து மேட்டில், அப்பா நெல் அளக்கும்போது முதல் மரைக்காலை லாபம் என்று சொல்லித்தான் போடுவார். முதல் நாள் அதைக் கேட்ட மாமா தயிர்ச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதே கதை: "என்ட மருமகள் லாபம் எண்டுதான் துவங்குவா. அவ வந்த பிறகுதான் கடைக்கு ஒரு களை." அந்த ஒரு சொல்லால் எனக்கு அந்த வீட்டில் ஒரு இடம் வந்தது. அதன் பிறகுதான் சோறு தொண்டையில் நிற்காமல் இறங்கியது.

ஒருநாள் உன் கொப்பியை எட்டிப் பார்த்தேன். ஏழு குறிக்கும் கீழே எட்டாவதாக ஒன்று இருந்தது. ஒரு வட்டம், அதன் பக்கத்தில் ஒரு சின்ன வளைவு. அந்தக் குறி சுட்ட மாட்டை நான் எங்கும் கண்டதில்லை. "இது ஆருட மாடுகா?" என்று கேட்டேன். நீ கொப்பியை மூடிக்கொண்டு, "மறுகா சொல்றன்" என்றாய். அடுத்த கிழமை கேட்டேன், மறுகா சொல்றன். பங்குனியில் கேட்டேன், சித்திரையில் கேட்டேன், அதே மறுகாதான். காது போலக் கிடக்கிறதே என்றால், ஓம், அது காதுதான், தோடு வாங்கித் தா என்பாய்.

பிறகு அந்தக் கிழமை வந்தது. உன் அண்ணன் பட்டிக்காரரோடு மாதக் கணக்குப் பார்க்கக் கொப்பியைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு பதுளை வீதியால் போனார். பாலத்துக் காவல் சென்றியில் ஆமிக்காரன் கொப்பியை விரித்தான். சூலம், வில், ஏணி, பக்கத்தில் இலக்கங்கள். வேறு என்ன நினைப்பான்? இது காட்டுக்குள் இருக்கிறவர்களுக்குப் போகிற இரகசிய எழுத்து என்று கொப்பியையும் வைத்துக்கொண்டான், ஆளையும் வைத்துக்கொண்டான். சைக்கிள் மட்டும் சென்றி வேலியில் சாத்திக் கிடப்பதாக ஏணிக்குறி கணபதிப்பிள்ளை வந்து சொன்னார். அந்த நாட்களில் உள்ளே போன எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இரண்டு நாள் நாங்கள் அந்த வேலிக்கு வெளியே வெயிலில் நின்றோம். மாமா மாட்டுக்குறி, மாட்டுக்குறி என்று கரடியாகக் கத்தினார், ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள் காலையில் நீ முகம் கழுவிக்கொண்டு வந்து சொன்னாய்.

"வாயால சொன்னா நம்பமாட்டாங்க அப்பா. மாட்டையே கொண்டுபோய்க் காட்டுவம்."

ஊர் விதானையார் முன்னால் போய் முகாமில் சொல்லிவைத்தார். பின்னால் ஏழு பட்டிக்காரரும் ஆளுக்கு ஒரு மாட்டைப் பிடித்துக்கொண்டு பதுளை வீதியால் நடந்தார்கள். அவர்களுக்கும் பெண்டாட்டி பிள்ளைகள் இருந்தார்கள், அவர்களுக்கும் உயிர் வெல்லம்தான். ஆனாலும் வந்தார்கள். சென்றிக்கு முன்னால் ஏழு மாடும் வரிசையாக நின்றன. சங்குக்குறிப் பசு நின்ற இடத்திலேயே சாணி போட்டது. ஒரு அதிகாரி கொப்பியோடு வந்தார். பக்கத்தில் கொஞ்சம் தமிழ் தெரிந்த ஒரு சிப்பாய். அதிகாரி கொப்பியைப் பார்ப்பார், மாட்டின் தொடையைப் பார்ப்பார். ஏணி சரி, வில் சரி, சூலம் சரி. ஏழும் சரி. அப்பாடா என்று நான் மூச்சுவிட, அவர் விரல் எட்டாவது குறியில் போய் நின்றது. இதற்குரிய மாடு எங்கே என்று சிப்பாய் கேட்டான்.

நான் உன்னைப் பார்த்தேன், மச்சாள். அந்தக் கேள்வியை உன்னிடம் எத்தனை தரம் கேட்டவள் நான். என் மனுசனின் உயிர் உன் வாயில் இருந்தது. நீ பட்டிக்காரரை ஒருமுறை திரும்பிப் பார்த்தாய். ஏழு பேரும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு சொன்னாய்:

"அது மாடு இல்ல சேர். அது என்ட மொக்குத்தனம். நான் கணக்கில பெயில். கூட்டினா சரிவராததையெல்லாம் அதுக்குள்ள போட்டு அடைச்சிருவன்."

அதிகாரி நம்பவில்லை. ஒரு பக்கத்தை விரித்து, மொத்தத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, கூட்டு என்றார். நீ விரலை மடக்கி மடக்கிக் கூட்டினாய். வியர்வை மூக்கில் இருந்து கொப்பியில் சொட்டியது. எழுபத்தொன்பது என்றாய். இல்லை, எண்பத்தெட்டு என்றாய். அவர் சட்டைப்பையில் இருந்த கல்குலேட்டரைத் தட்டிப் பார்த்தார். சிரிப்பு அவருக்கு அடக்கமுடியவில்லை. சிப்பாய் மொழிபெயர்த்தான்: "உன்னட்ட கணக்குத் தந்த ஆள் ஆர் எண்டு கேக்கிறார்." நீ மாமாவைக் காட்டினாய். எல்லாருமே சிரித்தார்கள், மாமாவும் சிரித்தார். பத்து மணிக்கு உன் அண்ணனை விட்டார்கள், கொப்பியையும் திருப்பித் தந்தார்கள். ஒரு காலில் மட்டும் செருப்போடு வந்தார். என்னையும் பார்க்கவில்லை, உன்னையும் பார்க்கவில்லை, ஏணிக்குறிப் பசுவின் கழுத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்.

அன்றைக்கு எனக்கு எட்டாவது குறியின் இரகசியம் தெரிந்துவிட்டதாக நினைத்தேன். அதோடு விட்டேனா? உயிரைக் காப்பாற்றியவள் என்று உன்னைக் கும்பிட வேண்டியவள், வாழ்நாள் முழுக்க உன்னைப் பகிடி பண்ணினேன். கலியாண வீட்டில் மொய் எழுத உன்னைக் கூப்பிட்டால், அவளைக் கூப்பிடாதீங்க, எட்டாவது குறி போட்டிருவாள் என்பேன். உன் மகள் கணக்கில் நல்ல மார்க் எடுத்தபோது, தகப்பனைக் கொண்டு பிறந்த பிள்ளை என்றேன். கடைசியாக ஆஸ்பத்திரியில், எத்தனை குளிசை போட்டீங்க என்று மிஸ்ஸி உன்னைக் கேட்டபோதும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "அவட்ட மட்டும் கணக்குக் கேக்காதீங்க மிஸ்ஸி" என்றேன். நீ தலையணையில் முகத்தைத் திருப்பிச் சிரித்தாய். அந்தச் சிரிப்பை நான் இப்போது திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கிறேன்.

இந்த ஒன்பது நாளில் நான் செய்தது இதுதான். முதலில் உன் கூட்டலைச் சரிபார்த்தேன். நீ எத்தனை இடத்தில் பிழைவிட்டிருக்கிறாய் என்று எண்ணிச் சிரிக்கத்தான் பேரனின் கல்குலேட்டரை எடுத்தேன். ஒரு பக்கம் சரி. அடுத்த பக்கமும் சரி. கொப்பி முழுக்க ஒரு கூட்டல்கூடப் பிழை இல்லை, மச்சாள். அந்த ஆமிக்காரருக்கு முன்னால் நீ கூட்டிய பக்கத்தையும் தேடிப் பிடித்தேன், உன் வியர்வை பட்டு மை ஊறிய பக்கம். பதினொன்று, ஒன்பது, பதின்மூன்று, எட்டு, பன்னிரண்டு, பத்து, பதினொன்று. எழுபத்து நான்கு. கீழே எட்டாவது குறிக்கு ஏழு. எண்பத்தொன்று என்று உன் கையெழுத்தில், வெட்டும் இல்லை, திருத்தும் இல்லை. இப்படி எழுதுகிறவளுக்கா அந்தச் சின்னக் கூட்டல் வராமல் போனது?

பிறகு எட்டாவது குறியின் இலக்கங்களை மட்டும் எடுத்து ஒரு தாளில் எழுதினேன். ஏழு, ஏழு, ஏழு, ஐந்து, ஏழு, நான்கு. கணக்குச் சரிவராமல் போனால் ஒருநாள் இரண்டு வரும், ஒருநாள் பதினைந்து வரும். இது அப்படி இல்லை. சுற்றிவளைப்பு என்று வீதி மூடிய ஒரு நாளில் நான்கு பேர்தான் பால் கொண்டுவந்திருக்கிறார்கள், அன்றைக்குக் குறிக்கு நேரே நான்கு. ஐந்து பேர் வந்த நாளில் ஐந்து. எத்தனை பேர் வந்தார்களோ, அத்தனை போத்தல். ஆளுக்கு ஒரு போத்தல் எங்கே போகிறது? இரண்டு நாள் மண்டையை உடைத்தேன். களவா, தருமமா, யாருக்கும் தெரியாமல் எவருக்காவது அனுப்பினாயா என்றெல்லாம் யோசித்தேன். உன்மேலே சந்தேகப்பட்டேன் என்பதை இங்கே ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன்.

ஏழாம் நாள் அந்த இடம் வந்தது. அடுத்த வருடம் மாசியில் தொடங்கி முப்பத்தொரு நாள், எட்டாவது குறியே இல்லை. ஏழு பேரும் வந்திருக்கிறார்கள், பாலும் குறையவில்லை, குறி மட்டும் இல்லை. முப்பத்திரண்டாம் நாள் அது திரும்ப வந்து உட்கார்ந்திருக்கிறது, ஏழு என்று. அந்த முப்பத்தொரு நாளும் நான் மூத்தவனைப் பெற்றுவிட்டுத் துடக்கு, தீட்டு என்று அறைக்குள் கிடந்தேன். பேணியை நீ பிடித்தாய், அளந்ததும் நீ, எழுதியதும் நீ.

எழும்பிப் போய்க் குசினி அடுப்படியில் நின்றேன். கையில் இல்லாத பேணியால் இல்லாத பாலை ஊற்றி, வாய்விட்டு எண்ணிப் பார்த்தேன். லாபம். ஒன்று. இரண்டு. மூன்று. அப்பாவின் களத்தில் முதல் மரைக்கால் பிள்ளையாருக்கு, அது கணக்கில் சேராது, லாபத்துக்குப் பிறகுதான் ஒன்று. நெல்லுக்குச் சரியான அந்த வழக்கத்தை நான் பாலுக்குக் கொண்டுவந்திருக்கிறேன். ஒவ்வொரு பட்டிக்காரருக்கும் ஒவ்வொரு நாளும் ஒரு போத்தலைக் குறைத்துக் கூவியிருக்கிறேன், அதுவும் சந்திக்குக் கேட்கிற குரலில். நீ நான் சொன்னதை அப்படியே எழுதி, நான் விழுங்கிய போத்தல்களைக் கீழே தனியாக எழுதி, அவரவர்க்குரியதைக் குறையாமல் கொடுத்திருக்கிறாய். அந்த வட்டமும் வளைவும் காது இல்லை. என் பேணி, அதன் கைப்பிடி.

ஏணிக்குறி கணபதிப்பிள்ளை ஒருவர்தான் இன்னும் இருக்கிறார். ஓட்டோ பிடித்துப் போய்க் கேட்டேன். பல்லில்லாத வாயால் சிரித்தார். "எங்களுக்கெல்லாம் தெரியும்தானே பிள்ள. ஆராவது வாயத் திறந்தா அவன்ட பால் வேணாம் எண்டு உங்கட மச்சாள் சொல்லிப்போட்டா. புதுசா வந்த பிள்ள, லாபம் எண்டு சொல்லித்தான் அந்த வீட்டில நிக்கிது, அதக் கெடுக்காதீங்க எண்டா."

முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைத்தாய். அந்தச் சோற்றைத் தின்றுகொண்டே நான் உன்னை மொக்கு என்றேன். அந்தச் சென்றியில் நீ உண்மையைச் சொல்லியிருக்கலாம், பால் அளக்கிற இவள் பிழையாக எண்ணுகிறாள் சேர் என்று. பழி என்மேல் வந்திருக்கும், மாமாவின் முகம் மாறியிருக்கும், அவ்வளவுதான். அதற்காக ஒரு அதிகாரிக்கு முன்னால், அண்ணனின் உயிர் தொங்கிக்கொண்டிருக்கும்போது, வேண்டுமென்றே பிழையாகக் கூட்டுவதற்கு எவ்வளவு துணிவு வேண்டும்! பிழை அவருக்குச் சிரிப்பாக இல்லாமல் கோபமாகப் பட்டிருந்தால்? அதை யோசித்தாயா, இல்லையா? இதைத்தான் கேட்கவேண்டும் போல இருக்கிறது, கேட்க ஆள் இல்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பது இதுதான்.

நீ ஒருமுறை சொல்ல வந்தாய் என்பதும் இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டு நான் பேணியைக் கையில் எடுத்த அந்த முதல் காலையில், அண்டாவுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டாய்: "மச்சாள், லாபத்துக்குப் பிறகு எத்தனகா?" இதென்ன கேள்வி என்று நான் சிரித்தேன். "ஒண்டுதான். அதுகூடத் தெரியாமத்தான் நீ கணக்கு எழுதுறியா?" நீ பேனையை மூடினாய். பிறகு கொப்பியை எடுத்துக்கொண்டு மேசைக்குப் போய்விட்டாய்.

நேற்று உன் மகள் வந்தாள். நான் கண்டுபிடித்ததைக் காட்டினேன். படித்தவர்கள் இதைத் தொங்கல் கணக்கு என்பார்களாம். வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று தெரியும்வரை அதில் தொங்கவிட்டு, பிழை தெரிந்ததும் உரிய இடத்தில் எழுதி மூடவேண்டுமாம். அம்மா ஒரு வகுப்புக்கும் போகாமல் தானாக இதைச் செய்தாவா என்று அவளுக்கு ஆச்சரியம். பிறகு பேனையை எடுத்துக்கொண்டு பகிடியாகக் கேட்டாள், "அப்ப மூடுவமா மாமி? பிழை ஆருட?" என்னுடையது என்றேன். சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. பிள்ளை பயந்து தண்ணீர் கொண்டுவந்தாள்.

இன்றைக்குக் காலையில் உலையில் போட அரிசி அளந்தேன். எத்தனை பேர் சிரித்தாலும் நான் இன்னும் லாபம் என்றுதான் தொடங்குகிறேன், அதை விட என்னால் முடியாது. முதல் சுண்டு அரிசியைப் பானையில் போட்டு, லாபம் என்றேன். இரண்டாவதை அள்ளிக்கொண்டு அப்படியே நின்றேன். நீ அண்டாவுக்கு அந்தப் பக்கம் நிற்பதுபோல இருந்தது, கொப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு.

"ரெண்டு, மச்சாள்" என்று சொல்லிப் போட்டேன்.